எல்லையோர ஊர்ல வாரச்சந்தை ஆரம்பிக்கணுமா? செங்கோட்டை பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர் பக்கம் கேரளா எல்லையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன். நம்ம வயல்ல விளையுற காய் விடிகாலைல லோடு ஆட்டோ ஏறி பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகுது, அங்க கைமாறி லாரில ஏறி திரும்ப நம்ம ஊர் வழியாவே மலை ஏறி புனலூர், கொல்லம்னு போகுது, நம்ம வீட்டுக்கு வேண்டிய காயை நாம பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கிட்டு வர்றோம். வண்டி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் ஊருக்கு வெளிய போற காசு. வாரத்துல ஒரு சாயங்காலம் ஊருக்குள்ளயே சந்தை கூடுனா அதுல ஒரு பங்கு இங்கயே நிக்கும். எல்லாம் நிக்காது, அந்த ஆசையோட ஆரம்பிக்காதீங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல பேனர் அடிக்கிறாங்க, அப்புறம் திறப்பு விழாவுக்கு ஆள் பிடிக்கிறாங்க, அப்புறம் விவசாயிகளைக் கூப்பிடுறாங்க, வாங்குற ஆள் தானா வருவான்னு விட்டுடுறாங்க. இந்த வரிசை தலைகீழ். முதல்ல விக்காம மிஞ்சுற சரக்குக்கு வழி, அப்புறம் வாங்குற ஆள், அப்புறம் நாளும் இடமும், அதுக்கப்புறம் தான் விக்கிற ஆள். ஏன்னு கீழ வரும்.

1. முன்னாடியே கையில இருக்க வேண்டியது

5 பேர் வேணும். அதுல 2 பேராவது பொம்பளைங்களா இருக்கணும், மகளிர் குழுல கணக்கு எழுதிப் பழகுனவங்களா இருந்தா ரொம்ப நல்லது. 5 பேரும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சின்னு அமைஞ்சுட்டா சந்தை அன்னைக்கே அந்தத் தெரு சந்தையா ஆயிடும், மத்த தெரு ஆளுங்க வந்து எட்டிப் பாத்துட்டு போயிடுவாங்க. வெவ்வேற தெருல இருந்து ஆள் எடுக்கிறது நியாயத்துக்கு மட்டும் இல்ல, யாவாரத்துக்கே அதுதான் தேவை.

அப்புறம் ஒரு நோட்டு, 4 நல்ல தார்ப்பாய், கயிறு, சார்ஜ் லைட்டு, முத்திரை போட்ட ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு கரும்பலகை. இவ்வளவுதான். மைக் செட்டு, வரவேற்பு வளைவு எதுவும் வேண்டாம்.

2. 30 வீட்டுல போய்க் கேளுங்க

ஊர்ல 30 வீட்டைப் பொறுக்கி எடுங்க, எல்லாத் தெருலயும் கொஞ்சம் கொஞ்சம். ஒரே கேள்வி: போன வாரம் ஊருக்கு வெளிய போய் என்னென்ன வாங்குனீங்க, எவ்வளவுக்கு? "சந்தை வந்தா வருவீங்களா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. எல்லாரும் வருவோம்னு தான் சொல்லுவாங்க, மூஞ்சிக்கு நேரா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

எழுதிட்டு வந்து கூட்டிப் பாத்தா காய்கறி எதிர்பாத்த மாதிரி மேல இருக்கும், ஆனா கூடவே தோசை மாவு, பிள்ளைகளுக்கு பண்டம், தேங்கா எண்ணெய், பிளவுஸ் தைக்கக் குடுத்தது, மிக்ஸி ரிப்பேர்னு வரிசையா நிக்கும். இதுல எது எது ஊருக்குள்ளயே ஆள் இருந்தும் வெளிய போகுதுன்னு வட்டம் போடுங்க. அந்த வட்டம் தான் உங்க கடைகளோட லிஸ்ட்.

3. மிஞ்சுற சரக்குக்கு முதல்ல வழி பண்ணுங்க

சந்தை எப்படி சாகுதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். முதல் வாரம் கூட்டம். ரெண்டாவது வாரம் பாதி. ஒரு விவசாயி 40 கிலோ கத்தரிக்கா கொண்டாந்து 22 கிலோ வித்து 18 கிலோவைத் திரும்பத் தூக்கிட்டுப் போறாரு, மறுநாள் காலைல அது வாடி மார்க்கெட்ல அடிமாட்டு விலைக்குப் போகுது, அடுத்த வாரம் அவரு வர மாட்டாரு. அவரு வரலைன்னா காய் வகை குறையும், வகை குறைஞ்சா வாங்குற ஆள் குறையும். ஒரு மாசத்துல முடிஞ்சது கதை. அதனால திறக்கிறதுக்கு முன்னாடியே மிச்சம் எங்க போகும்னு 3 வழி பேசி வச்சுடுங்க.

முதல் வழி, ரோட்டோர பரோட்டா கடை, மெஸ், கல்யாண சமையல் மாஸ்டர். செங்கோட்டை, பிரானூர், குற்றாலம் பக்கம் கடைகளுக்குப் பஞ்சமே இல்ல. "வார வாரம் இந்த நாள் ராத்திரி 7 மணிக்கு மிஞ்சுற காய், அன்னைக்கு மார்க்கெட் விலைக்குத் தர்றோம், வந்து எடுத்துக்கோங்க"ன்னு 2 பேர் கிட்ட பேசிடுங்க. சந்தை விலைக்கு இல்ல, மார்க்கெட் விலைக்கு. அப்பதான் அவங்க வருவாங்க, விவசாயிக்கும் வண்டி வாடகை மிச்சம்.

ரெண்டாவது, அவியல் பை. சேனை, ஏத்தங்கா (நேந்திரங்கா), தடியங்கா (வெள்ளைப் பூசணி), முருங்கை, புடலை, கொஞ்சம் மாங்கா, எல்லாத்துலயும் ஒரு துண்டு போட்டு அரைக்கிலோ பையா கட்டி வைக்கிறது. பெரிய சேனையை முழுசா யாரும் வாங்க மாட்டாங்க, வெட்டுன மிச்சம் அப்படியே கிடக்கும், அது இதுல போயிடும். ஒரு விஷயம், இந்தப் பையை சாயங்காலம் 5 மணிக்கே கட்டி வைங்க. கடைசி அரை மணி நேரத்துல விலையைக் குறைச்சு விக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏன்னா ரெண்டே வாரத்துல சனம் அதைக் கண்டுபிடிச்சு கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் வர ஆரம்பிச்சிடும்.

மூணாவது, வத்தல். வெண்டைக்கா, கொத்தவரங்கா, மோர் மிளகா. மகளிர் குழு எடுத்துக்கட்டும். சாரல் சீசன்ல இது நடக்காது, ஆனி ஆடில வெயிலே வராது, அந்த மாசங்களுக்கு முதல் ரெண்டு வழியைத்தான் நம்பணும்.

4. நாளும் நேரமும்

நாள் பாக்கும்போது முதல்ல சுத்துப்பட்டு ஊர்ல என்னைக்கு சந்தைன்னு விசாரிங்க, அந்த நாளைத் தொடாதீங்க. சில்லறை யாவாரிங்க நாளுக்கு ஒரு ஊர்னு சுத்துறவங்க, அவங்க நாளோட மோதுனா அவங்க வர மாட்டாங்க.

அடுத்து, ஊர்ல காசு என்னைக்கு புழங்குதுன்னு பாருங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துறாங்க, பீடிக்கடைல பட்டுவாடா என்னைக்குன்னு கேளுங்க. கொத்தனார், சித்தாளுக்கு சனிக்கிழமை சம்பளம். பட்டுவாடா அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ சந்தை வச்சா கையில காசோட வருவாங்க, ரெண்டு நாள் தள்ளி வச்சா கடன் கேட்டு வருவாங்க.

ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தனி சௌகரியம் இருக்கு. குற்றாலம் சீசன் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், குளிச்சுட்டு சாயங்காலம் மலை ஏறுற கேரளா வண்டிங்க அன்னைக்குத்தான் ஜாஸ்தி. 3 மணிக்கு ஆரம்பிச்சு 7 மணிக்கு முடிங்க. அதுக்கு மேல இழுத்தா வெளிச்சத்துக்கு செலவு, பொம்பளைங்க வீடு திரும்ப கஷ்டம்.

5. இடம், அனுமதி

மெயின் ரோட்டு ஓரம் வேண்டாம். கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை 744ல கனிம லாரி ஓடுற ஓட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் வண்டியை நிறுத்தி தக்காளி பொறுக்குறதை நெனச்சாலே பயமா இருக்கு, நெடுஞ்சாலை இடத்துல கடை போட உங்களுக்கு உரிமையும் கிடையாது. ரோட்டுல இருந்து ஒரு 100, 150 அடி உள்ள, ஆனா ரோட்டுல இருந்து பாத்தா தெரியுற இடம் தான் சரி. 15 காராவது நிக்க எடம் வேணும்.

கோயில் வாசல், ஒரு சமுதாயத்து மண்டபம், இதெல்லாம் இலவசமா கிடைக்கும், எடுக்காதீங்க. அந்த வாசலுக்கு வரத் தயங்குற ஆள் ஊர்ல யாராவது இருந்தா அது சந்தைக்கான இடம் இல்ல. பஞ்சாயத்து மைதானம், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கிற பொறம்போக்கு, பழைய நெல் களம், இந்த மாதிரி எல்லாருக்கும் பொதுவான இடமாப் பாருங்க.

அனுமதி எழுத்துல வேணும். கிராம ஊராட்சின்னா கிராம சபைல மனு குடுத்து தீர்மானம் போடச் சொல்லுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த 6 நாள்ல கிராம சபை கூடும், முன்கூட்டியே மனு எழுதி வச்சுக்கோங்க. பேரூராட்சின்னா செயல் அலுவலர் கிட்ட மனு, மன்றத் தீர்மானம். தலைவர் வாயால சரின்னு சொன்னதை நம்பி இறங்குனவங்க நெறைய பேர், பின்னால சுங்கம் வசூல் பண்ற குத்தகைக்காரர் வந்து நிக்கும்போது காட்ட ஒரு பேப்பர் இருக்காது. ஊர்ல ஏற்கனவே சந்தை வசூல் ஏலம் விட்டிருக்காங்களான்னு முதல்லயே கேளுங்க. விட்டிருந்தா அந்தக் குத்தகைக்காரரையும் கூப்பிட்டு உக்கார வச்சு பேசுறது தான் வழி.

பலசரக்குக் கடை அண்ணாச்சியை மறந்துடாதீங்க. அவருக்குக் கோவம் வரும், நியாயமான கோவம், ஏன்னா வாரம் முழுக்க ஊருக்குக் கடன் குடுக்கிறது அவருதான். அவரு விக்கிற பருப்பு, சோப்பு, பிஸ்கட் எதுவும் சந்தைல வராதுன்னு வாக்கு குடுங்க, ஒரு கடையும் குடுங்க. முக்கால்வாசி அண்ணாச்சிங்க வந்துடுவாங்க.

6. முதல் 12 கடை

12 கடை போதும். 6 காய்கறி, 1 வாழை, 1 தேங்கா எண்ணெய், 2 பலகாரம், 1 மாவு, 1 ரிப்பேர். 40 கடைன்னு ஆசைப்பட்டா 4 பேரு தக்காளியோட உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு இருப்பாங்க.

விவசாயி கிட்ட "எல்லாத்தையும் இங்க கொண்டாங்க"ன்னு கேக்காதீங்க. பாதிப்பேரு கமிஷன் கடைல முன்பணம் வாங்கியிருப்பாங்க, சரக்கை அங்க தான் போட்டாகணும். கால்வாசி மட்டும் இங்க கொண்டாங்க, முக்கால்வாசி வழக்கம் போல மார்க்கெட் போகட்டும்னு கேளுங்க. கமிஷன் கடைக்காரரும் முறைக்க மாட்டாரு, விவசாயிக்கும் பயம் இருக்காது. எல்லாரையும் கமிஷன் கடைல இருந்து விடுவிக்கப் போறோம்னு வசனம் பேசிக்கிட்டு வந்த பசங்களைப் பாத்திருக்கேன், அந்த முன்பணத்தை யாரு திருப்பிக் கட்டுவாங்கன்னு கேட்டா பதில் வராது.

காய் வகையைப் பேசி பிரிச்சுக்கோங்க. ஒரு காயை 2 பேருக்கு மேல விக்கக் கூடாது. பலகாரம், ஊறுகா போடுறவங்க உணவு பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணிக்கணும். சின்ன யாவாரத்துக்கு லைசென்ஸ் தேவையில்ல, பதிவு போதும், ஆன்லைன்லயே முடிஞ்சிடும்.

7. தராசு, விலை, சில்லறை

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், தொழிலாளர் துறைல முத்திரை ஆய்வாளர் இருக்காரு. ஆளாளுக்கு தராசு இல்லைன்னா நடுவுல ஒரு பொதுத் தராசு வைங்க, சந்தேகம் இருக்கிறவங்க அதுல வச்சுப் பாத்துக்கலாம். அதை ஒரு தடவை கூட யாரும் தொடலைன்னாலும் அது அங்க இருக்கிறதே ஒரு தைரியம்.

நம்ம ஊர்ல ஒரு விசேஷ தொல்லை, காத்து. ஆரியங்காவு கணவாய் வழியா ஆடிக்காத்து அடிக்கும்போது தராசுல எண் 20, 30 கிராம் ஆடிட்டே இருக்கும், வாங்குறவங்க ஏமாத்துறதா நெனப்பாங்க. 3 பக்கம் அட்டைப்பெட்டி மறைச்சு உள்ள தராசை வைங்க. தார்ப்பாயை ரெண்டு பக்கமும் சரிச்சுக் கட்டுங்க, தட்டையாக் கட்டுனா சாரல் தண்ணி தேங்கி மொத்தமா தலைல இறங்கும்.

விலைக்கு ஒரு சுலபமான வழி. அன்னைக்குக் காலைல பாவூர்சத்திரம் மார்க்கெட் விலை, செங்கோட்டை கடை விலை ரெண்டையும் போன்ல கேட்டு எழுதிக்கோங்க. கத்தரி அங்க 24, இங்க 40ன்னா சந்தைல 32. விக்கிறவங்களுக்கு 8 ரூபா கூட, வாங்குறவங்களுக்கு 8 ரூபா குறைவு. கரும்பலகைல எழுதி வாசல்லயே வைங்க, பேரம் பேசுற நேரம் மிச்சம்.

கடன் கிடையாது. முதல் வாரமே எழுதிப் போட்டுடுங்க, பிறகு சொன்னா சண்டை வரும். மலை ஓரத்துல சிக்னல் நேரத்துக்கு நேரம் போயிடும், க்யூஆர் அட்டையை மட்டும் நம்பாம 10, 20 ரூபா நோட்டா ஒரு 1,500 ரூபா மாத்தி வச்சுக்கோங்க.

8. கேரளா ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றது

இதுல முக்கியம், அங்க கொண்டு போய் விக்கணும்னு இப்போதைக்கு நெனைக்காதீங்க. வண்டி, வாடகை, கடை, எல்லாம் செலவு. அவங்களா தினமும் நம்ம வழியா வந்து போறாங்க, நிக்க ஒரு காரணம் குடுத்தா போதும்.

பலகைல மலையாளத்துலயும் எழுதுங்க. ஊர்ல எழுதத் தெரிஞ்ச ஆள் கட்டாயம் இருப்பாங்க. வாட்ஸ்அப்ல ஒரு குரூப், அட்மின் மட்டும் பேசுற மாதிரி. முந்தின நாள் ராத்திரி என்ன காய், என்ன விலைன்னு தமிழ்ல ஒண்ணு, மலையாளத்துல ஒண்ணு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. குட் மார்னிங் பூ படம் அனுப்புனா எல்லாரும் மியூட் போட்டுடுவாங்க.

அவங்க பெரிய சந்தேகம் பூச்சி மருந்து தான். தமிழ்நாட்டுக் காய்ல விஷம்னு அங்க பேசிப் பேசி அது மனசுல பதிஞ்சு போச்சு. நாம இயற்கைக் காய்னு பொய் சொல்ல வேண்டாம். எந்தத் தேதில என்ன மருந்து அடிச்சோம், அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிச்சோம்னு விவசாயி ஒரு நோட்டுல எழுதி கடைல தொங்க விடட்டும். மருந்து டப்பால போட்டிருக்கிற காத்திருப்பு நாள் தாண்டித்தான் பறிக்கணும், அது தான் இதுல நிஜமான வேலை, நோட்டு வெறும் சாட்சி.

சிறுகிழங்கு சீசன்ல, அதாவது மார்கழி, தை, மாசில, ஒரு சந்தைல ஒரு ஆச்சி பண்ணது பாக்க அழகா இருக்கும். மண்ணோட இருக்கிற கிழங்கை கோணிச்சாக்குல போட்டு, ரெண்டு கை தண்ணி தெளிச்சு, சாக்கு வாயைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு தரைல வச்சு அப்படியே உருட்டித் தேய்ப்பாங்க, பத்து நிமிஷத்துல தோல் பாதிக்கு மேல கழண்டு வெள்ளையா வந்துடும். மண்ணோட ஒரு விலை, தேச்சது கிலோவுக்கு 20 ரூபா கூட. நம்ம ஊர்க்காரங்க மண்ணோட வாங்குனாங்க, கார்ல வந்த சேச்சிங்க எல்லாம் தேச்சதைத் தான் கேட்டாங்க, ஏன்னா கூர்க்க, அதாவது மலையாளத்துல சிறுகிழங்கு, அதைச் சுத்தம் பண்றது அங்கயும் பெரிய தொல்லை பிடிச்ச வேலை. இந்த மாதிரி ஒரு வேலையை ஒவ்வொரு காய்க்கும் யோசிங்க.

பால் மட்டும் வேண்டாம். ஆரியங்காவுல பால் பரிசோதனை செக்போஸ்ட் இருக்கு, அந்த வம்பெல்லாம் நமக்கு எதுக்கு. கேரி பேக்கும் கூடாது, தமிழ்நாட்டுல 2019 ஜனவரில இருந்தும் கேரளாவுல 2020 ஜனவரில இருந்தும் தடை. துணிப்பையை ஊர் டெய்லர் கிட்ட தைக்கக் குடுங்க, அதுவும் ஒரு கடை.

9. ரிப்பேர் மூலை

இதை எல்லாரும் விட்டுடுறாங்க. காய் இல்லாத வாரத்துலயும் கூட்டத்தைக் கூட்டுறது இது தான். குக்கர் கைப்பிடி, மிக்ஸி, சாணை பிடிக்கிறது, சாரல் மாசங்கள்ல குடை ரிப்பேர். சாமானைக் குடுத்துட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிற ஆளு சும்மா நிக்க மாட்டாரு, நாலு கடை சுத்துவாரு, ஒரு வடையாவது சாப்பிடுவாரு. அதனால ரிப்பேர் மூலையை வாசல்ல வைக்காம கடைசில உள்ள தள்ளி வைங்க. ரிப்பேர்காரர் கிட்ட வாடகை வாங்காதீங்க.

10. கணக்கு

காய், பலகாரக் கடைக்கு வாரம் 30 ரூபா. 11 கடைக்கு 330. கூட்டிப் பெருக்குறதுக்கு 200, லைட் சார்ஜ், கயிறு, பழுதுக்கு 50, மீதி 80 பொதுப் பணம். சின்னத் தொகை தான், ஆனா சண்டை எல்லாம் சின்னத் தொகைல தான் வருது. அதனால வரவு செலவை அன்னைக்கே சாயங்காலம் கரும்பலகைல எழுதி போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுங்க. பணத்தை ஒருத்தர் வச்சிருக்கணும், நோட்டை இன்னொருத்தர்.

இன்னொரு நோட்டும் வேணும்: எந்தக் கடைல எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு மிஞ்சுச்சு. விலை வேண்டாம், கிலோ மட்டும். 8 வாரம் எழுதுனா எந்தக் காயை எவ்வளவு கொண்டு வரச் சொல்லணும்னு நோட்டே சொல்லிடும்.

11. ஓணம், விஷு, மண்டல சீசன்

சந்தை 3 மாசம் தாக்குப் பிடிச்சப்புறம் தான் இது. ஓணத்துக்கு அத்தம்ல இருந்து திருவோணம் வரைக்கும் 10 நாள் பூவும் காயும் பறக்கும். கேந்தி (செண்டுமல்லி) நட்டு ஏறக்குறைய 2 மாசத்துல பூக்கும், பூசணி, தடியங்காவுக்கு 3 மாசத்துக்கு மேல வேணும், சேனை 8 மாசத்துக்குக் குறையாது. அப்ப திருவோணம் தேதியைக் காலண்டர்ல பாத்துட்டு பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க. ஆனா பூவுல மொத்தத்தையும் போடாதீங்க, இப்ப கேரளாவுல குடும்பஸ்ரீங்கிற மகளிர் குழுக்களே ஓணத்துக்குக் கேந்தி போடுறாங்க, திருவோணம் முடிஞ்ச மறுநாள் பூவைக் கேக்க ஆள் இருக்காது. ஒரு விவசாயி பத்து சென்ட்டுக்கு மேல போட வேண்டாம்.

விஷுவுக்கு கணி வெள்ளரி, அதாவது விஷுக்கணில வைக்கிற மஞ்சள் வெள்ளரி. கார்த்திகைல இருந்து தை வரைக்கும் ஐயப்ப சாமிங்க வண்டி நிறைய போகும், அவங்க காய் வாங்க மாட்டாங்க, ஏத்தங்கா சிப்ஸ், அதிரசம், சுக்குக் காப்பி போகும்.

12. எப்ப மாத்தணும்

தொடர்ந்து 4 வாரம் 8 கடைக்குக் கீழ போனா ஏதோ ஒண்ணை மாத்தணும். இடத்தை மாத்தாதீங்க, நேரத்தை மாத்திப் பாருங்க, அதுக்கும் சரியாகலைன்னா கிழமையை மாத்துங்க. இடத்தை மாத்துனா பழகுன ஆளும் போயிடுவாங்க. மழைக்கு சந்தையை ஒரு வாரம் நிறுத்தலாம்னு தோணும், ஐப்பசில கண்டிப்பா தோணும். 3 கடை வந்தாலும் நடத்துங்க, "இந்த வாரம் இருக்கா இல்லையா"ன்னு ஊர் கேக்க ஆரம்பிச்சா பாதிப்பேரு கேக்காமலே டவுனுக்குப் போயிடுவாங்க.

ஒரு வருஷம் ஆனதும் 5 பேர்ல 2 பேரை மாத்துங்க. யாரை மாத்தப் போறோம்னு ஆரம்பத்துலயே சீட்டுக் குலுக்கி நோட்டுல எழுதி வச்சிடுங்க, அப்ப போய் பேசுனா மனஸ்தாபம்.